பேட்டி ஜிப்பா

நம்மவரிடம் இரண்டு ஜிப்பா உண்டு. ஒன்று கல்யாணம் காட்சிக்கு. இன்னொன்று பேட்டிக்கு. பேட்டி ஜிப்பாவைத் துவைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதில் இடது மார்பில் ஒரு மஞ்சள் தீற்றல், வலது முழங்கையில் கொஞ்சம் நீலம், தொப்பைக்கு மேலே மூன்று சிவப்புப் புள்ளி. வேலை மும்முரத்தில் தெறித்தவை என்று நீங்கள் நினைத்தால் அது அவருடைய வெற்றி. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஜிப்பாவைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கிட்டே வந்து ஒரு புள்ளி வைத்து, எட்டி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்து, மறுபடி கிட்டே வந்து, இரண்டு மணி நேரம் பாடுபட்டுத் தெறிக்கவைத்தவை அவை.

"இதையே ஃபிரேம் போட்டிருந்தா வித்திருக்குமேங்க" என்றார் அவர் மனைவி.

நிஜமாக வரையும்போது உடுப்பு லுங்கியும் முண்டா பனியனும்தான். கலர் குழைப்பது விளிம்பு உடைந்த பீங்கான் தட்டில். பகலில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அதாவது, போர்ஷன் முடியாத கணக்கு வாத்தியாருக்குத் தன் பீரியடைத் தாரைவார்த்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பவர். ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு ஹாலில் வரைவார். பதினைந்து வருடமாக இப்படித்தான். படங்கள் நன்றாக இருக்கும், நானே சொல்கிறேன். ஆனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளைப் பார்த்தால் ஓவியர் மாதிரி இல்லையே!

ஓவியர் எப்படி இருப்பார் என்பது நமக்குத் தெரியாதா? சினிமாவில் பார்த்துத்தானே வளர்ந்தோம். தாடி, ஜோல்னாப் பை, எங்கோ வெறிக்கும் பார்வை. கதாநாயகியை ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் ஒரே ஒரு தடவை பார்த்திருப்பார். அன்று ராத்திரி இடி, மின்னல். விடிவதற்குள் ஆளுயரப் படம் தயார். மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுகூடத் தப்பாது. அவள் வந்து துணியை விலக்குவாள், வயலின்கள் அழும். எண்ணெய் வர்ணம் காய எத்தனை நாள் ஆகும் என்று எந்த டைரக்டரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒட்டிக்கொண்ட துணியை உரித்தெடுத்த கதாநாயகியை நான் இதுவரை பார்த்ததில்லை.

நம்மவரின் முதல் டிவி பேட்டிக்கு நானும் போயிருந்தேன். கட்டம் போட்ட சட்டை, டக்-இன், பாக்கெட்டில் இரண்டு பேனா. கேமராமேன் மேலும் கீழும் பார்த்தார்.

"சார், ஆர்ட்டிஸ்ட் எப்ப வருவார்?"

"நான்தாங்க."

ஒரு சின்ன அமைதி. பிறகு காரியத்தில் இறங்கினார்கள். படிய வாரியிருந்த தலையைக் கலைத்தார்கள். பேனாக்களைப் பிடுங்கினார்கள். முடிந்து, வார்னிஷ் அடித்து, சுவரில் மாட்டியாகிவிட்ட படத்துக்கு முன்னால் நிறுத்தி, கையில் காய்ந்த பிரஷ் ஒன்றைக் கொடுத்து, "வரையற மாதிரி பண்ணுங்க சார், ஆனா பட்டுறக் கூடாது" என்றார்கள். படத்துக்கும் பிரஷுக்கும் நடுவே நூலிழை இடைவெளி விட்டு, காற்றில் ஐந்து நிமிடம் வரைந்தார் மனுஷன். பத்திரிகைகளில் வரும் ஓவியர் போட்டோக்களை இனிமேல் உற்றுப் பாருங்கள். பாதிப்பேர் காற்றில்தான் வரைந்துகொண்டிருப்பார்கள்.

மைக் பிடித்த பெண் கேட்டாள்: "உங்க வாழ்க்கையிலேயே மறக்க முடியாத சோகம் எது சார்?"

நேர்மையாக யோசித்தார். "ஹவுசிங் லோன்மா."

"ராத்திரி ரெண்டு மணிக்குத் திடீர்னு முழிச்சு வெறியோட வரைவீங்களா?"

"இல்லம்மா. காலைல பால் வாங்கப் போகணும்."

மொத்தத்தையும் வெட்டிவிட்டார்கள். ஒளிபரப்பானது காற்றில் வரைந்ததில் கொஞ்சம் மட்டும். அடுத்த வாரமே ஜிப்பா வாங்கினார். கூடவே கட்டைவிரல் நுழைகிற ஓட்டை வைத்த மரப் பலகை ஒன்றும். அதில் இன்றுவரை கலர் குழைத்ததில்லை, போட்டோவுக்கு மட்டும்.

இந்த வினையெல்லாம் வான்கோ என்ற அந்த நல்ல மனுஷனை வைத்துச் செய்தது. 1934-ல் இர்விங் ஸ்டோன் அவர் கதையை நாவலாக்கினார். 1956-ல் அது சினிமாவாகி, கிர்க் டக்ளஸ் வான்கோவாக வந்து கொதித்தார். அதிலிருந்து ஓவியர் என்றால் ஊருக்கே காது ஞாபகம்தான் வருகிறது. வான்கோ காதை அறுத்துக்கொண்டது 1888 டிசம்பரில், ஒரே ஒரு ராத்திரி. வரைந்ததோ பத்து வருடம், சுமார் 860 எண்ணெய் வர்ண ஓவியங்கள். மாதத்துக்கு ஏழு! தம்பி தியோவுக்கு அவர் எழுதியவற்றில் அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. புலம்பல் ஒரு பக்கம் இருக்கட்டும்; இன்ன வர்ணத்தில் இத்தனை டியூப் அனுப்பு என்கிற மளிகைச் சீட்டும் அவற்றில் உண்டு. மளிகைச் சீட்டை வைத்து எவன் சினிமா எடுப்பான்?

பெல்ஜியத்துக்காரர் மக்ரித் இன்னும் மோசம். கோட்டும் டையுமாகச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து வரைந்தவர். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் கதையும் படத்துக்கு ஆகாது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் கிராமமே அமைத்தார்கள். ரசீது புத்தகத்துக்கு எந்த மியூசிக் டைரக்டர் வயலின் வாசிப்பார்? மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்காரர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வர். இப்படியொரு பாத்திரம் எழுதினால் 'நம்பும்படியா இல்லையே' என்று தயாரிப்பாளர் கதையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஓவியர் எம்.எஃப். ஹுசேன் மட்டும் சூட்சுமம் தெரிந்தவர். பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவரல்லவா, எவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் கூட்டம் நிமிர்ந்து பார்க்கும் என்பது அத்துப்படி. அவருடைய குதிரை ஓவியங்களைப் பார்த்தவர்களைவிட, செருப்பில்லாத காலைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம்.

நம் வீட்டுக் கதை நேர்மாறு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தபோது வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தவர் மணியம். நந்தினியின் கொண்டையைத் தமிழ்நாடு முழுக்க அடையாளம் தெரியும். மணியம் எதிரே வந்து நின்றிருந்தால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனுக்குத் தினமும் காலையில் சூடம் காட்டிய குடும்பங்களுக்கு வரைந்தவர் யார் என்று கேட்கத் தோன்றியதில்லை. அந்தக் காலத்தில் ஓவியருக்குத் தாடி தேவைப்படவில்லை. மூலையில் ஒரு கையெழுத்து போதும்.

ஜிப்பாவுக்குப் பிறகு நம்மவருக்கு நாலு பேட்டி வந்துவிட்டது. சோகமும் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறார். சின்ன வயதில் அப்பா கலர் பெட்டியை அடுப்பில் போட்டது. உண்மையில் அப்பா வாங்கிக் கொடுத்தவர். பேட்டியைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து போன் செய்தார்: "ஏண்டா, நான் எப்படா அடுப்புல போட்டேன்? அடுப்பு என்னிக்காவது என் கைல இருந்துச்சா?"

ரசிகர்களும் பெருகிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் மடக்கி, "என்னை ஒரு அஞ்சு நிமிஷத்துல வரைஞ்சு குடுங்களேன்" என்று பேப்பர் தட்டைத் திருப்பி நீட்டுகிறார்கள். தாடி எப்போதிலிருந்து என்று விசாரிக்கிறார்கள். படம் மட்டும் இதுவரை இரண்டுதான் விற்றிருக்கிறது. இரண்டையும் வாங்கியவர்கள் டிவி பார்த்து வந்தவர்கள் அல்ல. ஒருவர் பல் டாக்டர், மற்றவர் அந்தக் கணக்கு வாத்தியார்.

அடுத்த கண்காட்சிக்கு எப்படியும் உங்களையும் கூப்பிடுவார். போனால், ஜிப்பாவின் மஞ்சளைப் பாராட்டாதீர்கள், காதை எண்ணாதீர்கள். விலைப் பட்டியல் கதவுக்குப் பக்கத்தில் மேசை மேல் இருக்கும்.