மாரியாத்தா எப்ப மாப்ள உன் கஸ்டமர் ஆனா?

வாய்யா மாப்ள. வண்டிய வேப்பமரத்தடியில நிறுத்தாத, காக்கா சும்மா இருக்காது. முன்னாடி கட்டுன எலுமிச்சம்பழம்கூட இன்னும் வாடல, அதுக்குள்ள என்னா பைலத் தூக்கிட்டு வந்துட்ட?

ஓ, ஷோரூம் பில்லு. ஆர்.டி.ஓ. ஆபீசுல கட்டுன பணத்துல எவ்வளவ வருமான வரியில கழிக்கலாம்னு கேக்க வந்தியாக்கும். தில்லைநகர்ல ஆடிட்டர் ஏ.சி. போட்டு உக்காந்திருக்காரு. நீ எ.புதூர்த் திண்ணைக்கு வர்ற. புரியுதுய்யா. அவருக்கு பீசு, எனக்கு ஒரு டீ. அந்த டீயும் உன் அத்தைதான் போடணும்.

எனக்கு என்னா தெரியும்? முப்பது வருசம் லாரி புக்கிங் ஆபீசுல பேரேடு எழுதுனவன். லாரி போற போக்கும் தெரியும், லாரி மொதலாளி கணக்கு போற போக்கும் தெரியும். அவ்வளவுதான்.

யாரு உனக்கு இதச் சொன்னது? கலிபோர்னியாவுல இருக்குற உன் சித்தப்பன் மவனா? அதான பாத்தேன். அவன் சொன்னது பொய்யில்ல. அந்த ஊர்ல வருசா வருசம் பதிவப் புதுப்பிக்கணும். வர்ற சீட்டுலயே வண்டி மதிப்பப் பாத்துப் போட்ட தொகை தனி, மத்த கட்டணம் தனின்னு பிரிச்சு அச்சடிச்சிருக்கும். செலவ ஒவ்வொண்ணா எழுதிக் கழிவு கேக்குறவங்க, மதிப்பு மேல போட்ட தொகைய மட்டும் கழிச்சுக்கலாம். மத்தது கழியாது. அது அவங்க ஊரு தர்மம். அவன் அத உனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பினான், நீ அத நம்ம ஊரு வண்டிக்கு மாட்டப் பாக்குற. மாட்டு வண்டிக்கு ஏரோப்ளேன் சக்கரம்!

சரி, பில்லக் குடு. வண்டி வெல 9 லட்சம். ஆயுள் வரி 1,17,000. சரிதான், அஞ்சுலேருந்து பத்து லட்சம் வரைக்கும் நூத்துக்குப் பதிமூணு, 2023 நவம்பர்ல ஏத்துனது. பதிவுக் கட்டணம் 600. பாத்தியா வேடிக்கைய! பதிவுக்கு 600, அந்தப் பதிவு வாசல் படிய மிதிக்கிறதுக்கு 1,17,000. உன் சித்தப்பன் மவன் கணக்குப்படி 1,17,000 கழியும், 600 கழியாது. நம்ம சட்டம் அப்படிக் கேக்கவே கேக்காது. அது கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு: வண்டி என்னா வேல பாக்குது?

உன் மச்சான் மாதிரி மாசச் சம்பளக்காரன் கார் வாங்குனா சொந்தச் செலவு. வரியும் கழியாது, கட்டணமும் கழியாது, கட்டுன எலுமிச்சம்பழமும் கழியாது. உனக்கு எலெக்ட்ரிகல் கடை இருக்குறதால பேச்சுக்கு எடம் உண்டு. ஆனா மாப்ள, நீ போன வருசம் எப்படிக் கணக்குக் காட்டுன? விற்பனையில எட்டு பர்சென்ட், ஆறு பர்சென்ட்னு குத்துமதிப்பா லாபம் காட்டிட்டு பேரேடே வேணாம்னு போனியே, அந்த 44ஏடி பிரிவா? இந்த வருசமும் அதே வழின்னா பைல மூடு. அதுல எல்லாச் செலவும் தேய்மானமும் ஏற்கனவே கழிச்சாச்சுன்னு அர்த்தம். லாரிக்காரங்களுக்கு 44ஏஇ-ன்னு ஒரு தம்பிப் பிரிவு உண்டு. பத்து லாரி வரைக்கும், சின்ன வண்டிக்கு மாசம் 7,500 ரூபா வருமானம்னு காட்டிட்டுப் போயிடலாம். எங்க மொதலாளி மாதிரி ஆளுங்க அதையும் எடுத்துக்கிட்டு டீசல் பில்லையும் நீட்டுவாங்க. விருந்து சாப்புட்டுட்டு மொய்ப் பணத்தத் திருப்பிக் கேட்ட கதை.

பேரேடு எழுதறியா? அப்ப சரி. ஆனா 1,17,600-ஐயும் ஒரே வீச்சுல செலவுன்னு எழுதாத. வண்டிய ரோட்டுல எறக்கக் கட்டுன பணம் வண்டி வெலையோட சேரும். மொத்தம் 10,17,600. அதுல வருசத்துக்கு 15 பர்சென்ட் தேய்மானம். வாடகைக்கு ஓட்டுற டாக்சி, லாரின்னா 30. அந்த வருசத்து இன்சூரன்சு வேணா அந்த வருசத்துச் செலவு.

எப்ப எடுத்த வண்டி? தையிலயா? தை பொறந்தா வழி பொறக்கும்னு எடுத்துட்ட. வருமான வரிக்காரன் பஞ்சாங்கத்துல மார்ச் 31-க்குள்ள 180 நாள் ஓடலன்னா பாதி வழிதான் பொறக்கும், ஏழரை பர்சென்ட். ஆமாய்யா, ஏழரையேதான்! புரட்டாசியில வண்டி எடுக்க மாட்டேன்னு முறுக்கிக்கிட்டுக் கெடந்தீல்ல?

இன்னொண்ணு. வண்டி முழுக்கக் கடைக்கா ஓடுது? காந்தி மார்க்கெட்டுக்கும் கஸ்டமர் வீட்டுக்கும் போறது கடைக் கணக்கு. வயலூருக்குப் போறதும், கொழுந்தியா வீட்டு வளைகாப்புக்கு ஸ்ரீரங்கம் போறதும் உன் கணக்கு. அந்தப் பங்க 38(2) பிரிவு வெட்டிடும். என்னா அது நோட்டு, கிலோமீட்டர்லாம் எழுதியிருக்க? 'ஞாயிறு, சமயபுரம், வாடிக்கையாளர் சந்திப்பு.' அடேய்! மாரியாத்தா எப்ப மாப்ள உன் கஸ்டமர் ஆனா? எத்தனை டியூப் லைட்டு வாங்குனா? 'பெல்ட் போடாததுக்கு அபராதம் 1,000, வாகனப் பராமரிப்பு.' இத அடிச்சிரு. சட்டத்த மீறிக் கட்டுன காசுக்குச் சட்டமே கழிவு குடுக்குமா? புரோக்கருக்குக் குடுத்ததையும் எழுதாத. அந்தாளு பில்லு தர மாட்டான், கேட்டா மொறைப்பான்.

நியாயமா மூணுல ரெண்டு பங்கு கடைக்குன்னு வச்சுக்குவோம். பென்சில எடு. 1,17,600-க்கு ஏழரை பர்சென்ட் 8,820. அதுல மூணுல ரெண்டு 5,880. நீ புது வரித் திட்டத்துல 15 பர்சென்ட் படியில நிக்கிறன்னா மிச்சம் 882 ரூபா. செஸ்ஸு சில்லறை தனி. வருமானம் 12 லட்சத்துக்குள்ளன்னா வரியே கிடையாது, அந்த 882-ம் கிடையாது. மூஞ்சிய ஏன் தொங்கப் போடுற? அடுத்த வருசம் மிச்ச மதிப்புல 15 பர்சென்ட் வரும், அப்பறம் தேஞ்சு தேஞ்சு வந்துகிட்டேதான் இருக்கும். வருமான வரிச் சட்டமும் 2026 ஏப்ரல் 1-லேருந்து புதுசு. நான் மனப்பாடம் பண்ண பழைய பிரிவு நம்பரெல்லாம் வீணாப் போச்சு.

ஆமா, ஆர்.சி. யாரு பேர்ல? தங்கச்சி மவ பேர்லயா? ராசி நம்பர் அவளுக்குத்தான் பொருந்துச்சாமா! ஏய்யா, பணம் கடைக் கணக்குலேருந்து போச்சா, உன் சேவிங்ஸ்லேருந்து போச்சா? சேவிங்ஸா? வெளங்கிரும். வண்டி கடையோட சொத்துன்னு இருந்தாத்தான் தேய்மானம். இல்ல, பேரு எங்க இருந்தா என்னான்னு வாதாடலாம். சென்னையில தீர்ப்பாயம் இருக்கு. 882 ரூபாய்க்கு வாதாடப் போக வர பெட்ரோலுக்கே உன் கடையில பாதிய வித்துரலாம். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

போ, டீயக் குடி. ஆறிப் போச்சு.

உன் மச்சான் போன மாசம் 12 லட்சத்துக்கு வண்டி எடுத்தான்ல, 18 பர்சென்ட் ஆயுள் வரி கட்டி? அவன் பில்லுல டி.சி.எஸ்.-னு 12,000 ரூபா தனியா நிக்கும். 10 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு ஷோரூம்காரன் நூத்துக்கு ஒண்ணு பிடிச்சு வருமான வரிக்காரன்கிட்ட கட்டுறது அது. அதையும் ரோடு டாக்ஸுன்னு நெனச்சு மறந்திருப்பான். அது அவன் பேர்ல முன்கூட்டியே கட்டுன வருமான வரி. 26ஏஎஸ் படிவத்துல அவன் பான் நம்பர்ல நிக்கும். ரிட்டர்ன்ல காட்டுனா கட்ட வேண்டிய வரியில கழியும், மிஞ்சுனா பேங்க்குக்குத் திரும்பி வரும். உங்க ரெண்டு பேர் பில்லுலயும் முழுசாத் திரும்பி வர்ற வரி அது ஒண்ணுதான். ஜூலை 31-க்குள்ள ரிட்டர்ன் போடச் சொல்லு. வந்தா எனக்கு ஒரு டீ, இந்தத் தடவ காசு அவன் குடுக்கட்டும்.