ஒர்லாண்டோவை முந்திய கல்முனை

1977 டிசம்பர் 1ஆம் திகதி அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் வார்னர் கம்பனி 'கியூப்' என்ற கேபிள் டீவியை அவிழ்த்துவிட்டது. முப்பது சேனல். பதில் சொல்ல அஞ்சு பட்டன் வைத்த ஒரு பெட்டி. சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே வாக்குப் போடலாம், காசு கட்டிப் படமும் பார்க்கலாம். அப்போது இலங்கையில் டீவியே இல்லை. ஐ.டி.என். வந்தது 1979இல், ரூபவாஹினி 1982இல். இதை வைத்து, நாம் பின்தங்கிய சனம் என்று வாத்திமார் எழுதுவார்கள். நம்பாதீர்கள்.

சவூதிக்கும் குவைத்துக்கும் போன காக்காமார் வீடியோ டெக்கோடு வந்திறங்கியதும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் கேட்ட படம் கேட்ட நேரம் கிடைத்தது. வயர் எதற்கு? கெசட்டைச் சைக்கிள் கரியரில் கட்டி வரும் பொடியன் போதும். படத்தில் கோடு விழுந்தால் டெக்கைத் திறந்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஹெட்டைத் துடைத்துவிட்டுப் போவதும் அவனே.

பட்டனுக்குப் பதிலாக வாய் இருந்தது. "சண்டையத் திருப்பிப் போடு மனே!" என்று முன்வரிசை கத்தும். "பாட்ட ஓட்டு!" என்பார் மூத்தாப்பா. "ஓட்டாதீங்க!" என்று அறைக்குள்ளிருந்து பெண்களின் தீர்ப்பு வரும். வாங்கு சொன்னால் எல்லோரும் ஒருமனதாக நிற்பாட்டுவார்கள்.

யார் என்ன பார்க்கிறார்கள் என்பது கம்பனிக்குத் தெரிந்துவிடுமே என்று கொலம்பஸில் கவலைப்பட்டார்கள். எங்கள் கெசட் கடைக்காரருக்குத் தெரிந்தது அஸருக்குள் பள்ளிவாசல் வரை போய்விடும்.

1994 டிசம்பரில் டைம் வார்னர், கேட்ட படம் தரும் டீவியோடு ஒர்லாண்டோவில் மறுபடி இறங்கியது. பெட்டி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான டொலர். சுமார் 4,000 வீட்டைத் தாண்டாமலே 1997இல் கடையைச் சாத்தினார்கள். எங்கள் ஊரில் அதே காலத்தில் யுத்தம். கரண்ட் போனால் கார் பெற்றரி. ஊரடங்கு விழுந்தால் கெசட்டைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஒரே படத்தை வசனம் பாடமாகும்வரை பார்க்க வேண்டியதுதான். அப்படியிருந்தும் சேவை நிற்கவில்லை.

2008இல் சிறிலங்கா டெலிகொம் பியோ டீவியைக் கொண்டுவந்து, டெலிபோன் வயரில் படம் வரும் என்றது. ஊர் பெரிதாக அசரவில்லை. திருப்பிப் போடுவதும் கேட்டதைக் கேட்டபடி பார்ப்பதும் எங்களுக்குப் பழைய சங்கதி. அமெரிக்கன் புதிதாகச் சேர்த்தது பில் ஒன்றைத்தான்.

அந்தக் காலத்துக் கெசட் எவர் வீட்டு அலுமாரியிலாவது கிடந்தால், தயவுசெய்து கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். முதலுக்குச் சுற்றிக் கொடுங்கள்.