பூனை மீசையும் ஈயச் சொம்பும்

எனக்கு எலக்ட்ரானிக்ஸில் முதல் பாடம் எடுத்தவர் பாட்டி. இடம், ஸ்ரீரங்கம் உத்திர வீதி வீட்டுத் தளிகை உள். "சொம்புல ஜலம் விடாம அடுப்புல ஏத்தினேன்னா சாத்தமுதும் இருக்காது, சொம்பும் இருக்காது." அவ்வளவுதான் பாடம். ஈயச் சொம்பு என்று நாங்கள் சொல்வது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே நீர் கொதிக்கிறவரை அடுப்பின் சூட்டை அது வாங்கிக்கொண்டு சொம்பைக் காப்பாற்றும். பாட்டிக்கு 232 என்ற எண் தெரியாது. எனக்குத் தெரியும். சொம்பை நாசம் செய்தது நான்தான்.

1984 அது. சால்டரிங் ஈயம் வாங்கக் காசில்லை. பரணில் ஓட்டையாகிக் கிடந்த பழைய சொம்பின் விளிம்பில் ஒரு துண்டு வெட்டி, சால்டரிங் அயர்னால் உருக்கி, ட்ரான்சிஸ்டர் காலில் ஒட்டப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டு ஓடி, தரையில் போய்ப் பொட்டு வைத்ததே தவிர ஒட்டவில்லை. பொன்மலையில் வேலை பார்த்த அத்திம்பேர்தான் விஷயத்தைச் சொன்னார். கடையில் விற்கும் ஈயக் கம்பியின் வயிற்றுக்குள் பிசின் இருக்கிறது. அது முதலில் உருகி, செம்பின் மேலுள்ள களிம்பைத் துடைத்தால்தான் ஈயம் பிடிக்கும். சரியான கம்பி வந்து, பிசின் புகைந்ததும் பாட்டி ரேழியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாம்பிராணி போட்டியா? இன்னிக்கு என்ன விசேஷம்?"

விசேஷம், நான் ரேடியோ கட்ட ஆரம்பித்திருந்தேன்.

இந்தக் கதை ஆரம்பித்தது 1874இல், ஜெர்மனியில். ஃபெர்டினாண்ட் பிரவுன் என்ற பள்ளி வாத்தியார் கலீனா என்ற காரீயக் கல்லில் கம்பியை அழுத்திப் பார்த்தார். மின்சாரம் ஒரு பக்கம் போயிற்று, மறுபக்கம் திரும்ப மாட்டேன் என்றது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் அதே கலீனாவை வைத்து ரேடியோ அலையைப் பிடித்தார். காப்புரிமை என்றாலே முகம் சுளிக்கிற மனிதர் அவர். நண்பர்கள் நச்சரித்து விண்ணப்பம் போடவைத்தார்கள். 1904இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. செமிகண்டக்டருக்கு உலகத்தில் கிடைத்த முதல் காப்புரிமை. போஸ் அதை வாங்கி வைத்துவிட்டுச் செடிகளுக்கு உணர்ச்சி உண்டா என்று பார்க்கப் போய்விட்டார். அப்புறம் வந்தவர்கள் கல்லின் மேல் மெல்லிய கம்பியை வைத்து, அதற்குப் பூனை மீசை என்று பெயர் சூட்டி, எந்த இடத்தில் கீறினால் பாட்டு கேட்கும் என்று தடவிக்கொண்டே பல வருஷம் ஓட்டினார்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு டையோடு புரியப் பாடப்புத்தகம் வேண்டாம். வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் பரமபத வாசலில் நின்றால் போதும். கூட்டம் ஒரே திசையில்தான் போகும். "செருப்பை விட்டுட்டேன்" என்று திரும்பப் பார்த்தவன் பின்னால் வருகிற தள்ளலில் மறுபடி முன்னாலேயே போவான். ஆனால் கதவு திறந்தாலும் ஓர் உந்து வேண்டும். சிலிக்கன் டையோடுக்கு அந்த உந்து சுமார் 0.6 வோல்ட். ஜெர்மானியத்துக்குப் பாதிகூட வேண்டாம்.

இந்தப் பாதி வித்தியாசம் எனக்கு ஒரு வாரத்தைத் தின்றது. பேட்டரியே இல்லாத கிரிஸ்டல் ரேடியோ என் திட்டம். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் ஏரியல் கம்பி, அடிபம்பில் எர்த். ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறிச் சிங்காரத்தோப்பு போய், கடைக்காரரிடம் "டையோடு" என்று மட்டும் சொன்னேன். அவர் 1என்4007 கொடுத்தார். ஆயிரம் வோல்ட் தாங்குகிற பயில்வான். காதில் வைத்தால் மயான அமைதி. ஏரியலில் வருகிற எறும்பு பலத்துக்குப் பயில்வான் கதவைத் திறக்கவே இல்லை. அத்திம்பேர் தன் டப்பாவைக் கிளறி, கண்ணாடிக் குப்பிக்குள் ஓஏ79 என்ற ஜெர்மானியப் பொடியன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வைத்த மறுநொடி, 1939 மே 16 முதல் பேசிக்கொண்டிருக்கும் திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸில், ஈ முனகுவதுபோல் பயிர்ச் சேதி சொன்னது. அப்பா, தாத்தா காலத்து ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார். தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டி ஸ்டாம்ப் ஒட்டியது. "எதுக்கும் இருக்கட்டும்."

1940இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவருக்கு ஒரு சிலிக்கன் துண்டு வந்தது. நடுவில் விரிசல். நாமாயிருந்தால் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டிருப்போம். அவர் அதன்மேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அரை வோல்ட் அளவுக்கு மின்சாரம் வந்தது. விரிசலுக்கு இந்தப்பக்கம் ஒருவகைக் கலப்படம், அந்தப்பக்கம் வேறுவகை. இன்று ஒவ்வொரு சில்லுக்குள்ளும் இருக்கிற பி-என் சந்திப்பு கண்ணில் பட்டது இப்படி, டேமேஜ் சரக்கில்.

அதே ஆய்வகத்தில் 1947 டிசம்பர் 16 அன்று பார்டீனும் பிராட்டெய்னும் ட்ரான்சிஸ்டரைச் செய்தார்கள். செய்முறை சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். முக்கோண பிளாஸ்டிக் துண்டில் தங்க ரேக்கை ஒட்டவும். நுனியைச் சவர பிளேடால் மெல்லக் கீறவும். ஸ்பிரிங் வைத்து ஜெர்மானியத்தின் மேல் அழுத்தவும். முடிந்தது. இவர்களின் தலைவர் ஷாக்லிக்குக் கண்டுபிடிப்பில் பங்கில்லை. கல்யாணத்தில் சம்பந்தியை முதல் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது. அவர் புத்தாண்டுக்கு முன்தினம் சிகாகோ ஹோட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வன்மத்தில் எழுதித் தள்ளி, சில வாரங்களில் இவர்களுடையதைவிட நல்ல ட்ரான்சிஸ்டருக்குத் திட்டம் போட்டுவிட்டார். பத்திரிகைக்குப் படம் எடுக்கும்போது, பிராட்டெய்னின் கருவி முன் நாற்காலியில் நடுநாயகமாக உட்கார்ந்ததும் அவரே. மூவருக்கும் 1956இல் நோபல். செய்தி ரேடியோவில் வந்தபோது பார்டீன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார், சட்டியைக் கீழே போட்டுவிட்டார். பாட்டிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அடை என்று மாற்றிச் சொன்னேன். "அடை போனா போறது, கையைச் சுட்டுண்டானா?" என்று கேட்டாள்.

ட்ரான்சிஸ்டர் என்ன செய்கிறது என்பதை அத்திம்பேர் முக்கொம்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மேலணையில் ஒரு ஆள் சக்கரத்தைச் சுற்றி மதகைச் சாண் உயரம் தூக்குகிறான். அந்தச் சாணுக்கு எவ்வளவு காவிரி பாய்கிறது பார். ட்ரான்சிஸ்டரின் மூன்று கால்களில் ஆள் பேஸ், ஆறு கலெக்டர், கீழே ஓடுவது எமிட்டர். பேஸில் ஒரு மடங்கு விட்டால் கலெக்டரில் நூறு மடங்கு. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போனபோது ஊரே பதறியது. எனக்கு மட்டும் கூடவே நான் கொன்ற எஸ்எல்100களின் ஞாபகமும் வந்தது. தகரத் தொப்பி போட்ட ட்ரான்சிஸ்டர் அது. தொப்பியின் ஓரத்தில் சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். மூக்குக்குப் பக்கத்துக் கால் எமிட்டர். மேலிருந்து பார்ப்பதா, கீழிருந்து பார்ப்பதா என்ற குழப்பத்தில் மூன்று எஸ்எல்100கள் பரமபதம் அடைந்தன.

அந்தக் காலத்தில் ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் இரண்டு பாராயணம் கேட்கும். ஒன்று பிரபந்தம். இன்னொன்று, "பி.பி.ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன் ஹேட் எ வெரி குட் வைஃப்." ரெசிஸ்டர் வண்ணக் கோடுகளை மனப்பாடம் செய்ய இந்தியா முழுக்க ஓதிய மந்திரம். கறுப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, இப்படியே வெள்ளை ஒன்பதுவரை. மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 470 ஓம். ஒன்பது வோல்ட் பேட்டரிக்கும் சிவப்பு எல்.ஈ.டி.க்கும் நடுவில் அதைப் போட்டால் சுமார் 15 மில்லி ஆம்பியர், விளக்கு நூறாண்டு வாழும். போடாவிட்டால் ஒரே ஒரு பளிச். பாட்டியின் கவலை வேறு. "யார்டா அந்த ராய்? ஊரெல்லாம் அவன் ஆம்படையாளைப் பத்திப் பேசறேளே!"

1958 ஜூலையில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியே லீவில் போனது. புதிதாகச் சேர்ந்த ஜாக் கில்பிக்கு மட்டும் லீவு சேரவில்லை. ஆளில்லாத ஆபீஸில் உட்கார்ந்து, எல்லா உறுப்பையும் ஒரே துண்டில் செய்தால் என்ன என்று யோசித்து, செப்டம்பர் 12 அன்று செய்தும் காட்டினார். ஐ.சி. பிறந்தது. லீவு கொடுக்காத மேலதிகாரிகள் இன்றுவரை மேற்கோள் காட்ட வசதியான கதை.

எனக்கு வாய்த்த முதல் ஐ.சி. 555. ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் 1971இல் வடிவமைத்தது. உள்ளே மூன்று ஐந்து கிலோ-ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால்தான் 555 என்று எனக்குச் சொல்லாத வாத்தியார் இல்லை. பெயர் வைத்தது விற்பனைப் பிரிவு ஆசாமி, சும்மா வைத்தார் என்று காமென்சிண்டே சொல்லிவிட்டார். தலபுராணத்துக்குத் தலமே ஆட்சேபம் தெரிவித்த அபூர்வ சம்பவம். 555ஐ வைத்து விளக்கு மினுக்கும் சர்க்யூட்டில் நான் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரைத் தலைகீழாக மாட்டினேன். டப் என்று வெடித்து, வெள்ளித்தாளும் நாற்றமுமாகச் சிதறியது. அது 1987. நானூறு வருஷம் மொட்டையாக நின்ற ராயகோபுரம் 236 அடிக்கு எழும்பிக் கும்பாபிஷேகம் கண்ட வருஷம். பாட்டி கேட்டாள். "ராயகோபுரமே முடிஞ்சுடுத்து. உன் ரேடியோ எப்போடா முடியும்?"

இதற்கிடையில் உலகம் ஓடிவிட்டது. ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனி ஒன்று கேட்டதற்காக 1971இல் இன்டெல் 4004ஐச் செய்தது. 2,300 ட்ரான்சிஸ்டர். வடிவமைத்த ஃபெடரிகோ ஃபாஜின் சில்லின் மூலையில் தன் இனிஷியலைப் பொறித்தார். ஆயிரங்கால் மண்டபத் தூணில் பெயர் கிறுக்குகிற நம் ஆட்களை இனிமேல் திட்டுவதற்கில்லை. எங்கள் ஊரில் வளர்ந்த ரங்கராஜன், அதாவது எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்கு இயந்திரத்துக்குப் பொறுப்பேற்றதும் இதற்குச் சில வருஷங்கள் கழித்துத்தான். 1982இல் கேரளத்தின் பரவூரில் ஐம்பது வாக்குச்சாவடிகளில் இயந்திரத்தை முதலில் வைத்தார்கள். 1984இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் வாக்குச்சீட்டுதானே இருக்கிறது, இயந்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்தச் சாவடிகளில் மறுபடி காகிதத்தில் குத்தச் சொன்னது. சட்டத்தைத் திருத்தியது 1988 டிசம்பரில். பழுது சர்க்யூட்டில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருந்தது.

எனக்கு மைக்ரோகன்ட்ரோலர் வந்து சேர்ந்தது 1996இல், கல்லூரி கடைசி வருஷம். 89சி51. நாற்பது கால், நாலு கிலோபைட் நினைவகம், 128 பைட் ராம். வேலை, ஒரே ஒரு எல்.ஈ.டி.யை மினுக்குவது. புரோகிராமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தப்பில்லை. விளக்கு எரியவில்லை. இரண்டாம் நாள்தான் 31ஆம் காலை வெறுமனே தொங்கவிட்டது தெரிந்தது. அதை ஐந்து வோல்ட்டோடு சேர்க்காவிட்டால் சில்லு, தன்னிடம் புரோகிராம் இருப்பதையே மறந்து, வெளியே இல்லாத நினைவகத்தில் தேடப் போய்விடும். ஆத்துல தளிகை ஆகி இருக்க, தெருத் தெருவாக உஞ்சவிருத்தி போகிற மாதிரி. சேர்த்தேன். அப்போதும் எரியவில்லை. எட்டெட்டுக் காலாக நாலு போர்ட் உண்டு. மற்ற மூன்றும் காலைத் தாங்களே மேலே தூக்கும். பூஜ்யம் என்ற போர்ட்டுக்குக் கீழே இழுக்கத்தான் தெரியும், தூக்கத் தெரியாது. தூக்கிவிட வெளியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வேண்டும். நான் விளக்கை வைத்திருந்தது அந்தப் போர்ட்டில்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன், அதிலும் கீழே இழுத்தால் எரிகிற மாதிரி.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது. நொடிக்கு ஒரு தடவை, பிசகாமல். பிரவுன் கல்லில் கம்பி வைத்து 122 வருஷம். விரிசல், வன்மம், கிடைக்காத லீவு, ஒரு சொம்பு, மூன்று எஸ்எல்100, ஒரு கெப்பாசிட்டர். எல்லாம் சேர்ந்து என் மேஜைமேல் கண் சிமிட்டின. குரல் தழுதழுக்கப் பாட்டியைக் கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எரிந்தது அணைந்ததை நாலைந்து தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"விட்டு விட்டு எரியறதே. லூஸ் கனெக்‌ஷனா இருக்கும். மாப்பிள்ளை வந்தார்னா காட்டு, சரி பண்ணிக் கொடுப்பார்."