வெள்ளை படியாத வெள்ளை

கோவளம் லைட்ஹவுஸ் பீச்சில் வெள்ளைக்காரர்கள் கிரீமைப் பூசிக்கொண்டு, மேனி கறுக்க வேண்டுமென்று உச்சி வெயிலில் கிடப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கறுத்துவிடக் கூடாதென்று அதே கிரீமைப் பூசி, மேலே குடையும் பிடிப்பார்கள். இரு தரப்புக்கும் விற்கிற சரக்கு ஒன்றே: ஜிங்க் ஆக்சைடு.

புதுச் சரக்கொன்றும் இல்லை. வேர்க்குருவுக்குப் போடும் நைசில் பவுடரிலும் காலமைன் லோஷனிலும் காலங்காலமாக இருப்பதுதான். அங்கே அது மலிவான மருந்து. 'மினரல் சன்ஸ்கிரீன்' என்று ட்யூபில் ஏறியதும் விலையும் ஏறிக்கொண்டது. (காலமைனையே பூசிக் காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு: அது வெயிலுக்கென்று சோதித்துச் செய்ததில்லை.)

சும்மா சொல்லக் கூடாது, தகுதியும் உண்டு. 2019-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 16 வெயில் தடுப்புப் பொருள்களை அலசி, 'பாதுகாப்பானது, பலன் தருவது' என்ற பட்டத்துக்கு முன்மொழிந்தது இரண்டை மட்டுமே. ஒன்று ஜிங்க் ஆக்சைடு. மற்றது டைட்டானியம் டையாக்சைடு; திருவனந்தபுரம் கொச்சுவேளியில் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை பல பத்தாண்டுகளாகத் தயாரிப்பது. முகத்துக்கு அல்ல, பெரும்பாலும் பெயிண்டுக்கு.

தொல்லை ஒன்றுதான்: பூசினால் சுண்ணாம்படித்த சுவராகத் தெரியும். தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளராக இருந்த ஆலன் டொனால்ட் அந்தக் கோலத்தில் ஓடிவந்தால் பேட்ஸ்மேன் நடுங்குவார். திருவனந்தபுரம் பாளையத்தில் நாம் அதே கோலத்தில் பஸ் ஏறினால் கண்டக்டர் சிரிப்பார்.

ஆகவே துகளை 100 நானோமீட்டருக்கும் கீழே பொடியாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறார்கள். சிவப்பழகு கிரீம் விற்றே செழித்த சந்தையில் இன்று ட்யூபின் மேல் கொட்டை எழுத்தில் அச்சாவது: 'முகத்தில் வெள்ளை படியாது'.