மரைநூல்: பாயிரமும் குற்றமும்

நூல் என்று ஒன்று எழுதினால் அதற்குப் பாயிரம் வேண்டும். ஆக்கியோன், வழி, எல்லை என்று எட்டு விவரம் அதில் சொல்ல வேண்டும் என்பது மரபு. இந்நூலை ஆக்கியோன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். வழி, பெரும்பாலும் தப்பு வழி. எல்லை, வடக்கே நெய்யாறு, தெற்கே களியக்காவிளை. கேட்போர் இருவர்: மனைவியும், ரப்பர் ஷீட் அடிக்கும் அடுத்த வீட்டு அண்ணனும். இருவரும் விரும்பிக் கேட்டவர்கள் அல்லர். நுதலிய பொருள், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சாய்ப்பில் நிற்கும் கம்ப்யூட்டர் லேத்து மரை வெட்ட மறுப்பது. மற்றவை போகப் போகத் தெரியும்.

முதலில் சொல்லாராய்ச்சி. போல்ட்டின்மேல் சுற்றிச் சுற்றி ஓடும் வெட்டை மரை என்கிறோம். சங்கப் பாட்டில் மரை ஒரு விலங்கு. முறுக்குக் கொம்பை வைத்து இரண்டையும் இணைத்துவிடலாம் என்று பார்த்தேன். முறுக்குக் கொம்பு என்று பாடப்பட்டது இரலைக்கு. ஆராய்ச்சி அங்கேயே நின்றது. எங்கள் ஊரில் மலையாளம் பேசும் வீட்டார் இதைப் பிரி என்பார்கள். கயிற்றின் முறுக்கும் அவர்களுக்குப் பிரிதான், தமிழில் அது புரி. ஓய்வு பெற்ற வயதில் லேத்து வாங்குகிறவனைப் பற்றி மட்டும் இரு மொழிக்கும் ஒரே கருத்து: தமிழ் வீட்டில் ‘மரை கழண்டவன்’, மலையாள வீட்டில் ‘ஒரு பிரி லூஸ்’. இவ்வளவு துல்லியமான மொழிபெயர்ப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆய்வுக்குரிய பொருள் ஒரு மழை மாலையில் வந்து சேர்ந்தது. அண்ணனின் ரப்பர் ரோலரில் உருளைகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு, மரை தேய்ந்து சும்மா சுற்றியது. “எலே மக்கா, ஒனக்க கம்ப்யூட்டருல இதுமாரி ஒண்ணு கடஞ்சு தா” என்றார். காலிப்பரில் வெளிவிட்டம் 15.8 மில்லிமீட்டர் காட்டியது. தேய்ந்த 16 என்று முடிவு கட்டி, எம் 16, பிட்ச் (சுற்றுக்குச் சுற்று தூரம்) 2 என்று வெட்டிக் கொடுத்தேன். அது தேய்ந்த நட்டுக்குள் இரண்டு சுற்று சிரித்துக்கொண்டே போய், மூன்றாவதில் இறுகி நின்றது.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் நன்னூலில் எண்ணிவைத்தார். அவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர், லேத்தைப் பார்த்தவர் அல்லர். ஆனாலும் தச்சன் கட்டும் நூலையும் புலவன் கட்டும் நூலையும் ஒப்பிட்டுப் பேசியவர். பட்டறைக்கு முற்றிலும் அந்நியர் என்று சொல்லிவிட முடியாது. அவர் பட்டியலில் ‘மயங்க வைத்தல்’ என்று ஒன்று உண்டு. அண்ணனின் திருகு அதற்குத்தான் எடுத்துக்காட்டு. அது 16 மில்லிமீட்டரே அல்ல, எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875. இங்கிலாந்தின் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த அளவு: அங்குலத்துக்கு 11 சுற்று, மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக்கில் கோணம் 60. அங்குலத்தின் 25.4 மில்லிமீட்டரை 11-ஆல் வகுத்தால் பிட்ச் 2.309, நான் வெட்டியது 2. சுற்றுக்கு 0.3 மில்லிமீட்டர் பிசகு. மூன்றாவது சுற்றில் பல்லோடு பல் மோதாமல் என்ன செய்யும்?

இந்த மயக்கத்துக்கு 1956-ஐத்தான் குற்றம் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் எடை அளவைச் சட்டம் வந்து மெட்ரிக்குக்கு வழிவிட்டது. தாலுகாக்கள் ஒரே நாளில் கைமாறின. பழைய வார்ப்பிரும்புக்குள் இருந்த மரை மட்டும் அங்குலத்திலேயே தங்கிவிட்டது, எங்கள் வீட்டுத் தமிழ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தங்கியதுபோல.

இரண்டு சுற்று பொருந்திப் பிறகு முட்டுவது இங்கே பேச்சிலும் உண்டு. தமிழன் ‘வெள்ளம்’ என்றால் ஓடித் தப்ப வேண்டும், மலையாளி ‘வெள்ளம்’ என்றால் ஒரு தம்ளர் எடுத்துக் கொடுக்க வேண்டும். லேத்து மொழியிலும் இதே கதைதான். மரை வெட்டும் கட்டளை ஜி 76. அதில் பி என்ற எழுத்துக்கு லினக்ஸ் சிஎன்சி மென்பொருளில் பிட்ச் என்று பொருள். ஃபானுக் கன்ட்ரோலரில் இரண்டாம் வரியின் பி, மரையின் ஆழம், அதுவும் மைக்ரான் கணக்கில். இந்தத் திருகுக்கு ஒன்றில் பி 2.309, மற்றதில் பி 1479. ஒன்றுக்கான உரையைப் படித்துவிட்டு மற்றதற்கு எழுதியவன் எத்தனை கம்பியைக் குப்பையில் போட்டான் என்பதை இந்நூல் சொல்லாது.

‘கூறியது கூற’லையும் பவணந்தியார் குற்றம் என்றார். இங்கே அடியேன் மாறுபடுகிறேன். கடைசி ஆழம் வந்த பிறகும், ஆழத்தைக் கூட்டாமல் அதே தடத்தில் டூலை இரண்டு முறை ஓட்ட வேண்டும். கம்பி டூலுக்கு வளைந்து கொடுத்திருக்கும். அப்படி மிச்சம் வைத்ததை இந்த ஓட்டம் சீவி எடுக்கும். மரைக்கு அது குணம். வலம்புரி, இடம்புரி பற்றியும் எழுத நினைத்தேன். சைக்கிளின் இடது பெடல் இடம்புரி என்பதோடு நிறுத்துகிறேன். ‘மற்றொன்று விரித்தல்’ என்றும் ஒரு குற்றம் இருக்கிறது.

இனித்தான் மூலக் குற்றம்: ‘மாறுகொளக் கூறல்’. முன்னே சொன்னதைப் பின்னே சொல்வது மறுப்பது.

மரை ஒரே வெட்டில் வராது. பத்துப் பதினைந்து முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாக, அதே தடத்தில் டூல் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஓட்டமும், கம்பியைப் பிடிக்கும் சக் ஒரே நிலைக்கு வரும் கணத்தில் தொடங்கியாக வேண்டும். அந்தக் கணத்தைச் சொல்ல, சக்கைச் சுற்றும் ஸ்பிண்டிலின் பின்னால் ஒரு தகடு. அதில் ஒரு காந்தம். எதிரே ஒரு சென்சார். என் லேத்தில் சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்பு. இரண்டாம் முறை அங்குலக் கணக்கில் வெட்டியபோது, முதல் மூன்று ஓட்டம் ஒரே தடத்தில் போயின. நான்காவது, தடத்தை விட்டு வரம்பின்மேல் உழுதது. மரை இருந்த இடத்தில் கம்பி சீப்புப்போல் நின்றது.

வோல்டேஜைச் சந்தேகித்தேன். அந்தியில் ஊர் முழுக்க மோட்டார் போடும்போது ஸ்பிண்டில் தளரும். வெட்டுக்கு நடுவில் வேகம் மாறினால், ஒற்றைத் துடிப்பை நம்பும் கம்ப்யூட்டருக்கு அது அடுத்த சுற்றில்தான் தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து வெட்டினேன். அதே சீப்பு. வேகத்தைச் சந்தேகித்தேன். 1000 சுற்றில் ஓட்டினால் டூல் நிமிடத்துக்கு 2309 மில்லிமீட்டர் ஓட வேண்டும், சின்ன மோட்டார் அடி தவறும். 300-க்கு இறக்கினேன். டூல் வேகம் பிடிப்பதற்குக் கம்பிக்கு வெளியே ஆறு மில்லிமீட்டர் விட்டேன். பெல்ட்டை இறுக்கினேன். “நீங்க மரைய வெட்டுதியளா, மரை உங்கள வெட்டுதா?” என்று கேட்டுவிட்டு, கட்டஞ்சாயாவை வைத்துவிட்டுப் போனாள் மனைவி.

அந்தச் சாயா ஆறிய நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். கறுப்பு மார்க்கரால் தகட்டிலிருந்து ஸ்பிண்டில்வரை குறுக்கே ஒரு கோடு போட்டேன். கம்பியில் நீல மை பூசி, 0.05 மில்லிமீட்டர் மட்டும் கீறும்படி ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்திப் பின்னால் போய்ப் பார்த்தேன். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தது. தகட்டில் இருந்த பாதி, ஸ்பிண்டிலில் இருந்த பாதியைவிட ஒரு நெல் அகலம் பின்தங்கி நின்றது. காந்தம் நின்ற இடத்தில் நிற்காமல் நழுவிப் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை நம்பி, சரியான நேரத்தில் தப்பான இடத்தில் வெட்டியிருக்கிறது.

தகட்டை ஸ்பிண்டிலோடு பிடித்து நிறுத்துவது ஒரு கிரப் ஸ்க்ரூ. எம் 4, அரிசிமணி அளவு. அலென் கீயை வைத்தேன். கை படும் முன்பே சுற்றியது.

புது ஸ்க்ரூ போட்டு இறுக்கிய அன்று மாலையே அண்ணனின் திருகு நட்டுக்குள் அடிவரை போனது. கூலியாக ஒரு சீப்பு மட்டிப்பழம் வந்தது. கழற்றிய கிரப் ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்து மனைவியிடம் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்பம் இவ்வளவு நாளும் மரை கழண்டது லேத்துக்குதானா?”