நிர்வாக நலன் கருதி

நம்மூரில் ஓர் அரசு ஊழியரை மிரட்ட அரிவாள் தேவையில்லை, அடியாள் தேவையில்லை. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்றால் போதும். கிராம நிர்வாக அலுவலர் முதல் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் செயலாளர் வரை எல்லாருக்கும் அதன் பொருள் தெரியும். ஆனாலும் இந்தக் கலையில் நாம் இன்னும் கற்றுக்குட்டிகள்தாம். காட்டுக்கு அனுப்பினால் அங்கே மரம் இருக்கும், மரத்தைக் கடத்துகிறவன் இருப்பான், நேர்மையான ஆள் அங்கேயும் போய் ஒரு வழக்கைப் போட்டுவிடுவார். ஹரியானாக்காரர்கள் அதைவிடப் பத்திரமான இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஆவணக் காப்பகம்.

அசோக் கெம்கா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அணி. கொல்கத்தாவில் சணல் ஆலை எழுத்தர் ஒருவரின் மகன். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டம், அதற்குமேல் மேலாண்மைப் படிப்பு. போதாதென்று பணியில் இருந்தபடியே சட்டமும் படித்தார். இவ்வளவு படித்த ஒருவர் கையில் கிடைத்தால் ஓர் அரசு சும்மா விடுமா? ஹரியானா அரசு அவரை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. ஏறத்தாழ 34 ஆண்டுகளில் 57 முறை இடம் மாற்றியது.

கணக்குப் போட்டால் சராசரியாக ஏழு மாதத்துக்கு ஒரு நாற்காலி. ஒரு தாய் பிள்ளையைப் பத்து மாதம் சுமக்கிறாள்; ஹரியானாவுக்கு ஏழாம் மாதமே இடுப்பு வலி எடுத்துவிடும். பொறுப்பேற்ற அன்று அலுவலக வாசலில் அவர் ஒரு செடிமுருங்கை நட்டிருந்தால், முதல் காயைப் பறித்துச் சாம்பாரில் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இதில் கட்சி வேறுபாடு பார்க்கவில்லை என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். அந்த மாநிலத்தில் பஜன்லால் போனார், பன்சிலால் வந்தார். சௌதாலா வந்தார், ஹூடா வந்தார், பிறகு கட்டர். காங்கிரஸ், விகாஸ் கட்சி, லோக்தளம், பாஜக என்று கொடிகள் மாறின. ஜாட் ஒதுக்கீட்டில் சண்டை, தண்ணீரில் சண்டை, சண்டிகர் யாருக்கு என்பதில் சண்டை. எல்லாரும் கருத்து ஒருமித்த ஒரே கொள்கை, கெம்காவை எங்காவது தூக்கிப் போடுங்கள் என்பதுதான்.

ஒவ்வொரு முறையும் காகிதத்தில் சொல்லப்படும் காரணம் ஏறக்குறைய ஒன்றே: நிர்வாக நலன் கருதி, அல்லது பொதுநலன் கருதி. அந்த நிர்வாகம் யார், அது எந்த மருத்துவமனையில் படுத்திருக்கிறது, ஏழு மாதத்துக்கு ஒருமுறை அதற்கு ஏன் நலம் கெடுகிறது என்று எந்தச் சட்டமன்றத்திலும் யாரும் கேட்டதில்லை. அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு, விசாரணை நடத்தாமல் ஓர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்க முடியாது என்கிறது. ரொம்பச் சரி. நீக்கினால்தானே விசாரணை, சாட்சி, வழக்கறிஞர் என்ற தொல்லையெல்லாம்? மாற்றலுக்கு ஒன்றும் வேண்டாம், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தாள் போதும். இந்தியக் குடிமைப் பணியை எஃகுச் சட்டகம் என்று புகழ்வது வழக்கம். அந்தச் சட்டகத்துக்கு அடியில் நான்கு சக்கரம் மாட்டி, தேவைப்பட்ட பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பதை மட்டும் யாரும் மேடையில் சொல்வதில்லை.

2012 அக்டோபரில் கெம்கா நிலத் தொகுப்பு, நிலப்பதிவேடு, பத்திரப்பதிவு ஆகியவற்றின் தலைவராக இருந்தார். உட்கார்ந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. குர்காவ் பக்கம் ஷிகோபூர் கிராமத்தில் மூன்றரை ஏக்கர் நிலம். சோனியா காந்தியின் மருமகன் ராபர்ட் வாத்ராவின் நிறுவனம் 2008-இல் ஏழரைக் கோடிக்கு வாங்கியது, டி.எல்.எஃப். நிறுவனத்துக்கு 58 கோடிக்கு விற்றது. இடையில் அந்த மண்ணில் தங்கம் விளையவில்லை, எண்ணெய் ஊறவில்லை. வணிக வளாகம் கட்டிக்கொள்ள அரசு அனுமதி மட்டும் கிடைத்தது. கெம்கா அந்தக் கட்டைப் பிரித்துப் படித்தார். அக்டோபர் 11 அன்று மாற்றல் உத்தரவு வந்தது. 15-ஆம் தேதி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு முன்னால், அந்த விற்பனைக்கான பட்டா மாறுதலை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் அவர் போன இடம் மாநில விதைக் கழகம். நெல்லும் கோதுமையும் பேசாது என்று நினைத்திருப்பார்கள். அங்கே விதை நேர்த்திக்கு வாங்கிய பூஞ்சைக்கொல்லி மருந்தில் முறைகேடு இருக்கிறது, சி.பி.ஐ. விசாரிக்கட்டும் என்று எழுதினார். 2013 ஏப்ரலில் ஆவணக் காப்பகம். பழைய தாள், பழைய தூசி, பழைய கரையான். அப்போதும் மனம் ஆறாமல் அதே ஆண்டு டிசம்பரில் அவர் கையிலேயே ஒரு சார்ஜ் மெமோவையும் கொடுத்தார்கள். நிலம் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

அடுத்த காட்சியில்தான் நாடகம் களைகட்டுகிறது. 2014 தேர்தலில் பாஜகவுக்குக் கெம்கா தெய்வமானார். மாப்பிள்ளையின் நிலக் கதையைச் சொல்ல 'தாமாத் ஸ்ரீ' என்று ஒரு குறும்படமே எடுத்து வெளியிட்டது அந்தக் கட்சி. மாநிலமும் அதன் கைக்கு வந்தது. தேர் புறப்பட்டது, கெம்காவுக்குப் போக்குவரத்து ஆணையர் பதவி. அந்த மனிதருக்கோ தேரும் ஒரு வாகனம்தான், அதிலும் அதிக பாரம் ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி நீட்டிய லாரிகளுக்குத் தகுதிச் சான்று தர மறுத்தார். லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2015 ஏப்ரலில், ஐந்து மாதம் ஆவதற்குள், அவர் தொல்லியல் மற்றும் அருங்காட்சியகத் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். தெய்வத்தைக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் வைத்தது, யோசித்துப் பார்த்தால், முறைதான்.

நிலத்தின் கதை என்னவாயிற்று? 2015-இல் நீதிபதி திங்ரா ஆணையம் வந்தது. அதன் அறிக்கை வெளிச்சத்துக்கே வராமல், நடைமுறைக் கோளாற்றுக்காக 2019-இல் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. 2018-இல் ஒரு முதல் தகவல் அறிக்கை. 2023-இல் அதே பாஜக அரசு, அந்த விற்பனையில் விதிமீறல் இல்லையென்று வட்டாட்சியர் சொல்கிறார் என உயர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. பிறகு, இது நற்சான்றிதழ் இல்லை என்று விளக்கமும் கொடுத்தது. 2025 ஜூலையில்தான் அமலாக்கத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வாத்ரா தான் தவறேதும் செய்யவில்லை, இது அரசியல் பழிவாங்கல் என்கிறார். அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என் கோபம் வேறு. ஒரு பட்டா மாறுதலைப் பற்றிப் பதின்மூன்று ஆண்டுகளாக முடிவுக்கு வர முடியாத அரசு இயந்திரத்துக்கு, அதைக் கேள்வி கேட்டவரைத் தூக்கியெறிய ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

ஆவணக் காப்பகத்துக்கு மட்டும் அவரை நான்கு முறை அனுப்பினார்கள். நான்காம் முறை போனபோது, 2023 ஜனவரியில், முதல்வர் கட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். துறையின் ஆண்டு ஒதுக்கீடே 4 கோடி ரூபாய், அதில் என் சம்பளம் 40 லட்சம் என்று கணக்குச் சொன்னார். சில அதிகாரிகள் தலையில் ஏகப்பட்ட துறைகள், என் கையில் வேலையே இல்லை. ஊழல் ஒழிப்புப் பிரிவைக் கொடுங்கள், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் விட மாட்டேன் என்றார். அந்தக் கடைசி வரியை அவர் எழுதாமல் இருந்திருக்கலாம். திருடனைப் பிடிக்கிறேன் என்று ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் கதவையும் தட்டி அனுமதி கேட்ட மாதிரி ஆகிவிட்டது. பதவி கிடைக்கவில்லை.

வரி கட்டுகிற ஹரியானாக்காரரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஓர் ஐ.ஐ.டி. மூளையை வாடகைக்கு எடுத்து, வேலை செய்யாமல் இருப்பதற்காக ஆண்டுக்கு நாற்பது லட்சம் கொடுத்திருக்கிறார் அவர். இன்னொன்றும் உண்டு. ஹிசார் மாவட்டத்து ராக்கிகடி, சிந்துவெளிக் காலத்துப் பேரூர்களில் ஒன்று. அப்படி ஒரு மண்ணைக் காலடியில் வைத்திருக்கிற மாநிலத்தில் தொல்லியல் துறை தண்டனைக் கொட்டடி. தன் பழைய தாள்களையும் பழைய எலும்புகளையும் சிறைச்சாலையாக்கி வைத்திருக்கிற அரசுக்கு எதிர்காலம் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது?

மதிப்பெண் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பதற்காகவாவது. 2016-17-க்கான ஆண்டு மதிப்பீட்டில் தலைமைச் செயலாளர் பத்துக்கு 8.22 போட்டார். அமைச்சர் அனில் விஜ் 9.92 என்று அள்ளிக் கொடுத்தார். முதல்வர் இது கொஞ்சம் மிகை என்று 9 ஆக்கினார். வழக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஏறியது. உயர் நீதிமன்றம் கெம்கா பக்கம் நின்றது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இதெல்லாம் நீதிமன்றம் எடை போடுகிற விஷயமில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 0.92 மதிப்பெண்ணுக்காக ஒரு மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மூன்றரை ஏக்கருக்கு இந்த வேகத்தில் பாதியாவது காட்டியிருக்கலாம்.

கெம்காவின் சாதனையை முறியடித்தவரும் அதே மாநிலத்தவர்தான். பிரதீப் கஸ்னி, 34 ஆண்டுகளில் 71 மாற்றல். அவரைக் கடைசியாக நிலப் பயன்பாட்டு வாரியம் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் அலுவலகம் இல்லை, கோப்பு இல்லை, ஊழியர்கள் இல்லை, சம்பளமும் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த வாரியம் 2008-ஆம் ஆண்டே செத்துப்போயிருந்தது. தண்ணியில்லாக் காடு என்று நாம் சொல்கிறோம். காடே இல்லாத காட்டுக்கு ஒருவரை அனுப்பினது ஹரியானா. 2018 பிப்ரவரி இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். அதே பிப்ரவரி இறுதியில் இன்னொருவர் காலமானார்: டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன். தமிழர், உத்தரப் பிரதேச அணியில் பணியாற்றி மத்திய அமைச்சரவைச் செயலாளர் வரை உயர்ந்தவர். ஓய்வு பெற்ற எண்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகளைத் திரட்டி உச்ச நீதிமன்றம் போனார். அதிகாரிக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுக்கு ஆடக்கூடாது, மாற்றலுக்கு ஒரு வாரியம் வேண்டும் என்று 2013 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு வாங்கினார். 2014 ஜனவரியில் விதியையும் திருத்தினார்கள்: குறைந்தது இரண்டு ஆண்டுகள். விதி அழகாக அச்சாகியிருக்கிறது. கெம்கா போக்குவரத்துத் துறையிலிருந்து தூக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு வடக்கத்தியான் புத்தி என்று சிரிக்க வேண்டாம். மதுரையில் கிரானைட் கற்களை எண்ணத் தொடங்கிய நம்மூர் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம், அடுத்து கோ-ஆப்டெக்ஸில் வேட்டி எண்ணினார். பிறகு அறிவியல் நகரத்தில் ஆண்டுக்கணக்கில் நாட்காட்டியை எண்ணினார். கடைசியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். 'பந்தாடப்பட்டார்' என்று நம் பத்திரிகைகள் தலைப்பு வைக்கும். நல்ல சொல். பந்தின் பெயர் மட்டும் அச்சில் வரும், உதைத்த காலின் பெயர் வராது.

உதைபடாத பந்துகளும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவர்களும் அதை விரும்புவதில்லை. பசையுள்ள துறையில் நான்கைந்து ஆண்டு அசையாமல் இருப்பார்கள். அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் குறிப்பு தயாராகிவிடும். ஆட்சி மாறினால் ஒரு வாரம் மட்டும் முகம் வாடும், அதற்குள் புது முதல்வரின் மச்சினன் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற ஈரம் காயும் முன்பே ஏதாவதொரு ஆணையத்தில் காரும் பங்களாவும் காத்திருக்கும். அவர்களில் ஒருவர்கூட 57 முறை மாற்றப்பட்டதில்லை. ஒவ்வொரு மாற்றல் உத்தரவையும் தட்டச்சு செய்ய வைத்து, 'நிர்வாக நலன்' என்ற சொல்லைச் சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டவர்களும் இவர்கள்தாம். அரசியல்வாதி வாயால்தான் சொன்னான். தாளில் எழுதியது கெம்காவோடு அதே முசூரி அகாதமியில் உறுதிமொழி எடுத்த கை.

நாமும் குறைந்தவர்களில்லை. 57 என்ற எண்ணைக் கிரிக்கெட் ஸ்கோர் போலக் கைபேசியில் அனுப்பி மகிழ்ந்தோம். ஐம்பதைத் தாண்டியபோது கைதட்டினோம். சினிமாவில் இப்படி ஓர் அதிகாரி வந்தால் விசிலடிப்போம். நம் மனைக்கட்டின் பட்டாவில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் மனு நம்முடையதாக இருந்திருக்கும்.

2024 டிசம்பரில் ஹரியானா அரசுக்குத் திடீரென்று மனம் இளகியது. கெம்காவைப் போக்குவரத்துத் துறைக்கே கூடுதல் தலைமைச் செயலாளராகக் கொண்டுவந்தது. பத்தாண்டுக்கு முன் தூக்கியெறிந்த அதே துறை. அமைச்சர், 9.92 போட்ட அதே அனில் விஜ். பணியில் மிச்சமிருந்தது ஐந்து மாதம். 2025 ஏப்ரல் 30 அன்று ஓய்வு.

உங்கள் ஊர் நாளிதழில் 'ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் இடமாற்றம்' என்று ஐந்தாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வரும். வழக்கமாகத் தாண்டிப் போய்விடுவீர்கள். அடுத்த முறை நின்று பாருங்கள். ஒரு பெயருக்கு எதிரே அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், அறிவியல் நகரம் என்று இருந்தால், முந்தின நாள் அவர் மேஜையில் எந்தக் கோப்பு இருந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான்.