இருபது டாலருக்கு உட்பட்ட முறுக்கு

மெக்கானிக்ஸ்பர்க், பென்சில்வேனியா
டிசம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூன்று பேரும் சௌக்கியம். எனக்கு வேலை போகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாசம் பணம் குறைந்து வந்ததையும், டீச்சரம்மா பேப்பரில் படித்த ஆள்குறைப்புச் செய்தியையும் நீ முடிச்சுப் போட்டுக்கொண்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று தங்கச்சி சொன்னாள். போனில் விளக்கினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்துவிடுவாய், தெருவுக்கே விளக்கம் போய்ச் சேரும். அதனால்தான் கடிதம்.

காரணம் கிறிஸ்துமஸ். "நமக்கென்னடா கிறிஸ்துமஸ்?" என்பாய். பரிசு கொடுக்கிற விஷயத்தில் இங்கே யாரும் மதம் பார்ப்பதில்லை. நவம்பர் நாலாவது வியாழக்கிழமை வான்கோழி விருந்து. மறுநாள் வெள்ளிக்கிழமையே தள்ளுபடி என்று ஊரே கடையில் நிற்கிறது. ஆபீசில் பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டு, எனக்கு வந்த பெயருக்கு நான்தான் என்று தெரியாமல் பரிசு வைக்க வேண்டும். உச்சவரம்பு 25 டாலர். அப்புறம் உன் பேத்தியின் கிளாஸ் டீச்சர், பாட்டு டீச்சர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர், எதிர்வீட்டுத் தாத்தா. எதிர்வீட்டுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

மொத்தம் 500 டாலர், மேலே ஒரு சென்ட் கிடையாது என்று உன் மருமகள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். இந்த மாநிலத்தில் சாதாரணமாக உடுத்துகிற துணிக்கு விற்பனை வரி இல்லை. மற்றதுக்கு 6 சதவீதம், அதையும் விலைச்சீட்டில் காட்டாமல் பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள். ஆகவே எல்லோருக்கும் துணி. டீச்சருக்கு ஸ்வெட்டர், டிரைவருக்குக் குல்லா, தாத்தாவுக்குக் காலுறை.

பில் போடுகிற பெண், "எங்கள் கடைக் கார்டு வாங்கினால் இன்றைக்கே 20 சதவீதம் குறையும்" என்றாள். அடியில் பொடி எழுத்தைப் பார்த்தேன். வட்டி வருஷத்துக்கு 30 சதவீதம். நூற்றுக்கு ரெண்டரை வட்டி, அம்மா! நம்ம பஜாரில் ரெண்டரை வட்டிக்கு விடுகிறவர் முகத்தைக் கொஞ்சமாவது இறுக்கமாக வைத்துக்கொள்வார். இந்தப் பெண் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லா போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வருவதற்குள் அதே ஸ்வெட்டரை நாலு தவணையில் வாங்கலாம் என்று போனில் விளம்பரம். போட்டுக்கொள்ளப் போவது டீச்சர், தவணை கட்டுவது நானா?

பட்டியலில் கடைசிப் பெயர் தபால்கார அம்மா. நம்ம தபால்காரர் தீபாவளியன்று வாசலில் நின்று தலையைச் சொறிந்ததும் அப்பா சட்டைப் பையைத் தடவுவாரே, அந்த நினைப்பில் உன் மருமகள் ஒரு கவரில் பணம் வைத்தாள். நல்லவேளை, விதியைப் படித்துப் பார்த்தேன். பணமாக வாங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. பணமாக மாற்றக்கூடிய பரிசு அட்டையும் கூடாது. பொருளாகக் கொடுத்தால் ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஒரே ஆளிடம் வருஷத்துக்கு 50 டாலர்தான் எல்லை.

சரி, கைமுறுக்கு சுற்றிக் கொடுக்கலாம் என்றாள். முறுக்கின் மதிப்பு என்ன? அரிசி மாவு, உளுந்து, வெண்ணெய், எண்ணெய் எல்லாம் சேர்த்து 5 டாலர். சுற்ற மூன்று மணி நேரம். பென்சில்வேனியாவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். கூலி மட்டும் 21.75! ஆக மொத்தம் 26.75. முறுக்கு சட்டவிரோதம்.

"என் கூலி மணிக்கு ஏழேகாலா?" என்றாள்.

"அது குறைந்தபட்சம்."

"குறைந்தபட்சமா?"

அன்று ராத்திரி நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். பிறகு யோசித்து, கடை விலைதானே மதிப்பு என்று வழி கண்டுபிடித்தேன். இந்தியன் ஸ்டோரில் முறுக்குப் பொட்டலம் 4 டாலர். அந்தக் கணக்கில் ஐந்து பொட்டலம் வரை தாராளமாகக் கொடுக்கலாம். "அந்தக் காறல் முறுக்கும் என் முறுக்கும் ஒரே விலையா?" என்று ஆரம்பித்ததில் மறுநாளும் தயிர்சாதம்தான். கடைசியில் ஒரு டப்பா நிறையக் கொடுத்தோம். தபால்கார அம்மா ஒன்றை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இது தின்பதா, மரத்தில் தொங்கவிடுவதா?" என்று கேட்டார். அவர் வண்டிக்கு நம்ம ஊர் மாதிரி வலது பக்கம் ஸ்டியரிங். தெருவில் அது திரும்புவதைப் பார்த்தால் எனக்கு ஒரு நொடி நம்ம பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்துவிடும்.

ஆக, ஒரு பைசா கடன் வாங்கவில்லை. 500 டாலரையும் உனக்கு அனுப்புகிற பணத்தில்தான் வெட்டினேன். திட்டாதே. அடுத்த வருஷம் இப்படி ஆகாது. இங்கிருந்து காரில் இருபது நிமிஷத்தில் கார்லைல் என்று ஒரு ஊர். 1909-லேயே அங்கே ஒரு வங்கி கிறிஸ்துமஸ் சீட்டு நடத்தியிருக்கிறது. வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, பண்டிகைக்கு முன்னால் மொத்தமாக வாங்கிக்கொள்வது. உன் தீபாவளிச் சீட்டேதான், பட்டாசுப் பெட்டியும் எவர்சில்வர் தூக்கும் மட்டும் கிடையாது. எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம், வருஷத்துக்கு 26. ஒவ்வொன்றிலும் 20 டாலர் பிடிக்கச் சொன்னால் 520. கட்டாதவர் வீட்டு வாசலில் நீ நோட்டோடு போய் நிற்பாயே, இங்கே அந்த வேலை இல்லை. அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒன்று, அம்மா. இத்தனை பேருக்குக் கொடுத்தோம், ஒருவரும் உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்கவில்லை. பதிலுக்கு வந்ததெல்லாம் வாசல்படியில் இருந்தது. மணியடித்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் காரில் ஏறிவிடுகிறார்கள். உன் மருமகள் டபராவைக் கழுவி எடுத்து வைத்ததுதான் மிச்சம்.

அத்தை மகன் கேட்ட கைக்கடிகாரம் துணியில் சேராது, அதனால் கிடையாது என்று சொல்லிவிடு. சாக்லேட் ஊரே பக்கத்தில்தானே என்று சித்தப்பா கேட்கிறாராம். ஹெர்ஷியில் தெருவிளக்குகூடச் சாக்லேட் வடிவம்தான், அதற்காகக் கடையில் காசு வாங்காமல் விடுவார்களா?

உன் சீட்டிலும் என் பெயரை ஒன்று எழுதிக்கொள். மாசா மாசம் அனுப்புகிற பணத்திலேயே பிடித்துக்கொள், வாசலில் வந்து நிற்க முடியாது பார். பட்டாசு தங்கச்சி பிள்ளைகளுக்கு, தூக்கு உனக்கு. ஸ்வீட் பாக்ஸை மட்டும் அப்பா கண்ணில் காட்டாதே. போன மாசச் சர்க்கரை ரிப்போர்ட்டை எனக்கு ஏன் அனுப்பவில்லை?

இப்படிக்கு,
உன் மகன்